வழிப்பறிக்குத் தண்டனை எவ்வளவு? – இரு பெண்கள் கேட்ட கேள்விகள்

 

பட்டாசு ஆலைகளை நம்பி வாழும் எங்கள் நாரணாபுரம் பகுதியில், தீபாவளிக்கு முந்திய வாரச் சம்பளம் மற்ற வாரச் சம்பளத்தைப் போன்றதன்று. போனஸும் அத்துடன் சேர்ந்து கைக்கு வரும். பண்டிகை முடிந்ததும் ஆலைகள் சில வாரங்கள் அடைத்துக் கிடக்கும். அந்த நாட்களுக்கான அரிசியும், பிள்ளைகளின் படிப்புச் செலவும், வாங்கிய கடனுக்கான வட்டியும் அந்த ஒரு பணத்தில்தான் அடங்கியிருக்கின்றன.

அப்படிப்பட்ட ஒரு மாலையில், வேலை முடிந்து நடந்து வந்துகொண்டிருந்த பிற சமுதாயச் சகோதரி ஒருவரை, பைக்கில் வந்த இரு இளைஞர்கள் வழிமறித்தனர். அடித்துவிடுவோம் என்று மிரட்டி, அவருடைய பையைப் பறித்துச் சென்றனர். உடம்பில் காயம் ஏதுமில்லை. ஆயினும் அன்று முதல் அந்தப் பாதையில் அவர் தனியே நடப்பதில்லை. சில நாட்களில் இருவரும் பிடிபட்டனர். பணம் பெரும்பாலும் செலவாகியிருந்தது. பிடிபட்டவர்களில் ஒருவனுக்கு வயது 19. அவன் சிறுவயதில் நம்மிடம் ஓதிய பிள்ளை.

செய்தி பரவியதும் ஊரில் இருவகைப் பேச்சு எழுந்தது. "அந்தப் பெண்ணிடம் போய்ப் பேசி, வழக்கை முடித்துவிடலாம். நம் ஜமாஅத்தின் பெயர் கெட்டுவிடக் கூடாது" என்றனர் சிலர். வேறு சிலரோ, வேறெங்கோ பிடிபட்ட ஒருவன் கையில் மாவுக்கட்டுடன் நிற்கும் படத்தை வாட்ஸ்அப் குழுவில் பகிர்ந்து, "இவனுக்கும் இப்படி ஒன்று போட்டால்தான் புத்தி வரும்" என்று எழுதிச் சிரித்தனர்.

அதே வாரத்தில் இரு பெண்கள் நம்மைத் தேடி வந்தனர். முதலில் வந்தவர் பணத்தைப் பறிகொடுத்தவர். "ஐயா, அவனை எத்தனை வருஷம் உள்ளே போட்டாலும் என் பணம் திரும்பி வருமா?" என்று கேட்டார். அடுத்து வந்தவர் அந்த இளைஞனின் தாயார். "ஹஜ்ரத், அவன் செய்தது தப்புதான். தண்டனை அனுபவிக்கட்டும். ஆனால் வெளியே வந்தால் இந்தத் தெருவில் இருக்க விடுவார்களா?" என்று கேட்டார்.

இருவருமே எத்தனை ஆண்டுகள் என்று கேட்கவில்லை என்பதை நாம் கவனித்தோம். ஆனால் நாம் அனைவரும் விவாதிப்பது ஆண்டுகளை மட்டுமே. கடுமை வேண்டுமா, கருணை வேண்டுமா என்று பிரிந்து நின்று வாதிடுகிறோம். இழந்தவருக்கு எது திரும்பக் கிடைக்கும், இழைத்தவன் எவ்வாறு திரும்பி வருவான் என்ற இரு கேள்விகளுக்கும் விடையளிக்காத தண்டனை, எத்தனை ஆண்டுகளாக இருந்தாலும் பாதித் தண்டனையே என்பது நம் கருத்து. அதனை இங்கே விளக்க விரும்புகிறோம்.

சட்டம் தரும் இடம்

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 309-ஆம் பிரிவு, வழிப்பறிக்குப் பத்தாண்டுகள் வரை கடுங்காவலும் அபராதமும் விதிக்க இடமளிக்கிறது. சூரிய அஸ்தமனத்துக்கும் உதயத்துக்கும் இடையே நெடுஞ்சாலையில் நடந்தால் அது 14 ஆண்டுகள் வரை நீளலாம். காயம் விளைவித்தால் ஆயுள் சிறை வரை செல்லலாம். கொடிய ஆயுதத்தைப் பயன்படுத்தினாலோ, கொடுங்காயம் விளைவித்தாலோ ஏழாண்டுகளுக்குக் குறையாத சிறை என்று 311-ஆம் பிரிவு கூறுகிறது.

காயமும் ஆயுதமும் இல்லாத வழிப்பறியில், "பத்தாண்டுகள் வரை" என்ற சொல்லுக்குள் பெரியதோர் இடம் நீதிபதிக்கு விடப்பட்டுள்ளது. நம் மார்க்கச் சட்ட நூல்களில் 'தஃஸீர்' என்று கூறப்படும் தண்டனைகளும் இத்தகையவையே. அளவு வரையறுக்கப்படாமல், குற்றத்தையும் குற்றவாளியையும் சமூக நலனையும் எடைபோட்டு நீதிபதி தீர்மானிப்பவை அவை. இந்நாட்டில் ஷரீஅத்தின் குற்றவியல் சட்டம் நடைமுறையில் இல்லை. அதனைக் கோருவதும் இக்கட்டுரையின் நோக்கமன்று. நாட்டின் சட்டத்துக்குக் கட்டுப்பட்ட குடிமக்களாகிய நாம், அந்தச் சட்டம் தரும் இடத்தை எந்த நியாயத்தால் நிரப்ப வேண்டும் என்று சிந்திக்க நம் மார்க்கத்திலிருந்து வெளிச்சம் பெறலாம். அவ்வளவே.

அச்சம் தேவையே

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். தண்டனை அச்சம் தருவதாக இருக்க வேண்டும். திருட்டு மறைவில் நடப்பது. வழிப்பறியோ மனிதரின் முகத்துக்கு நேரே நின்று, பலத்தாலும் அச்சத்தாலும் பறிப்பது. அதனால்தான் திருக்குர்ஆனின் ஐந்தாம் அத்தியாயம், திருட்டைத் தனியாகவும், பூமியில் குழப்பம் விளைவிப்போரைத் தனியாகவும் பேசுகிறது. பாதையை அச்சத்துக்குரியதாக்கும் 'ஹிராபா' எனும் குற்றத்தை ஃபிக்ஹு அறிஞர்கள் மிகக் கடுமையானவற்றுள் ஒன்றாக வைத்தனர்.

இதில் ஏழைகளின் நலன் இருக்கிறது. வசதி உள்ளவர் காரில் செல்கிறார். பணத்தை வங்கியில் போடுகிறார். வாரச் சம்பளத்தை முந்தானையில் முடிந்துகொண்டு இருட்டில் நடந்து வருபவருக்குப் பாதையின் பாதுகாப்பைத் தவிர வேறு பாதுகாப்பு ஏது? பட்டாசு ஆலையிலும் தீப்பெட்டி ஆலையிலும் வேலை செய்யும் ஆயிரக்கணக்கான பெண்களின் நடமாட்டத்தை ஒரு வழிப்பறி சுருக்கிவிடுகிறது. ஆகவே "பாவம், சின்னப் பையன்" என்று சொல்லி முடித்துவிட நமக்கு உரிமையில்லை. அவனை மன்னிக்கும் உரிமை, பறிகொடுத்தவருக்கு உரியது.

ஆனால் அச்சம் எதிலிருந்து பிறக்கிறது? தண்டனையின் கொடுமையைவிட அதன் உறுதியே குற்றத்தைத் தடுக்கிறது என்று இத்தாலிய அறிஞர் பெக்காரியா 1764-இல் வெளியான தம் நூலில் வாதிட்டார். அக்காலத்து இங்கிலாந்தில் வழிப்பறி உட்பட நூற்றுக்கணக்கான குற்றங்களுக்குத் தூக்குத் தண்டனை இருந்தது. விளைவு என்ன? சிறு களவுக்கு உயிரைப் பறிக்க மனமில்லாத ஜூரிகள், களவு போன பொருளின் மதிப்பைக் குறைத்துச் சொல்லியும், குற்றவாளியை விடுவித்தும் சட்டத்தைத் தாண்டிச் சென்றனர். தண்டனை அளவுக்கு மீறிக் கடுமையானபோது அதன் உறுதி குறைந்தது. பத்தாண்டுச் சிறை என்று சட்டத்தில் எழுதிவைத்து, வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுபட்டு, சாட்சிகள் சலித்துப்போவதைக் காட்டிலும், விரைந்து தீர்ந்து தப்பாமல் வந்து சேரும் இரண்டாண்டுத் தண்டனை இளைஞர்களை அதிகம் தடுக்கும் என்பதே நம் துணிபு.

மாவுக்கட்டுப் படத்தைக் கண்டு மகிழ்வோருக்கும் இங்கே ஒரு சொல். தண்டனை விதிக்கும் அதிகாரம் நீதிமன்றத்துக்கு உரியது. விசாரணைக்கு முன்பே கை முறிவதை நாம் கொண்டாடத் தொடங்கினால், நாளை குற்றமற்ற நம் பிள்ளையின் கை முறியும்போது யாரிடம் போய் நியாயம் கேட்போம்?

ஷரீஅத் காட்டும் சமநிலை

ஹிராபா பற்றிய சட்டத்தின் அமைப்பையே பாருங்கள். அதில் கூறப்பட்ட தண்டனைகள் நான்கு. கொன்றவன், பறித்தவன், இரண்டையும் செய்தவன், அச்சுறுத்தியதோடு நின்றவன் என்று குற்றத்தின் படிநிலைக்கேற்ப அவற்றைப் பெரும்பான்மை அறிஞர்கள் வகைப்படுத்தினர். எல்லோருக்கும் ஒரே அளவுகோல் அங்கே இல்லை. நான்காவதாகிய நாடு கடத்தல் என்பதற்கு ஹனஃபி மத்ஹபினர் சிறை என்று பொருள் கொண்டனர். திருந்தியதற்கான அடையாளம் வெளிப்படும் வரை சிறை என்றனர். சிறைவாசத்தின் முடிவைத் திருந்துதலோடு இணைத்த இந்தக் கருத்து பல நூற்றாண்டுகளுக்கு முந்தியது.

அதையடுத்து வரும் வசனம், பிடிபடுமுன் தவ்பா செய்தவருக்கு விலக்களிக்கிறது. அங்கும் அறிஞர்கள் ஒரு நுட்பத்தைக் காத்தனர். தவ்பாவால் நீங்குவது அல்லாஹ்வின் உரிமை சார்ந்த தண்டனை மட்டுமே. அடியார்களின் உரிமை நீங்காது. பறித்த பொருளைத் திருப்பித் தந்தே ஆக வேண்டும். திருந்தும் வழி ஒரு பக்கம், இழப்பீடு மறுபக்கம். இரு பெண்களும் கேட்ட இரு கேள்விகளும் இங்கே ஒருங்கே விடை பெறுகின்றன.

குற்றத்தின் வேரையும் நம் முன்னோர் பார்த்தனர். பஞ்ச ஆண்டில் திருட்டுக்கான தண்டனையைக் கலீஃபா உமர் (ரலி) நிறுத்திவைத்தார்கள். ஹாதிப் என்பவரின் அடிமைகள் பிறருடைய ஒட்டகத்தைத் திருடி அறுத்துத் தின்ற வழக்கில், அவர்கள் பட்டினி போடப்பட்டதை உணர்ந்த உமர் (ரலி) அவர்கள், அடிமைகளைத் தண்டிக்காமல் விட்டார்கள். 400 திர்ஹம் மதிப்புள்ள அந்த ஒட்டகத்துக்கு எஜமானர் 800 திர்ஹம் கொடுக்க வேண்டும் எனத் தீர்ப்பளித்தார்கள். இச்செய்தி இமாம் மாலிக்கின் முவத்தாவில் உள்ளது. இழந்தவருக்கு இருமடங்கு கிடைத்தது. பசியை உண்டாக்கியவரே அதற்குப் பொறுப்பேற்றார்.

மக்ஸூம் குலத்துப் பெண்ணின் வரலாறு நாம் அடிக்கடி பயானில் கேட்பது. உயர்குலத்தவர் என்பதால் அவருக்காக உஸாமா (ரலி) பரிந்துரைத்தபோது நபி (ஸல்) அவர்கள் சினம் கொண்டார்கள். வலியவரை விட்டு எளியவரைத் தண்டித்ததாலேயே முந்திய சமுதாயங்கள் அழிந்தன என்று எச்சரித்து, தம் மகளாயினும் சட்டம் ஒன்றே என்றார்கள். இதை நாம் சொல்வோம். ஆனால் அதே அறிவிப்பின் இறுதிப் பகுதியைச் சொல்ல மறந்துவிடுகிறோம். அப்பெண் அழகிய முறையில் தவ்பா செய்தார், திருமணம் புரிந்தார், பின்னர் தம் தேவைகளுக்காக அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் இல்லத்துக்கு வந்து செல்வார், அன்னையார் அவற்றை நபி (ஸல்) அவர்களிடம் எடுத்துரைப்பார்கள் என்று புகாரியில் பதிவாகியுள்ளது. பரிந்துரையால் தண்டனை நிற்கவில்லை. தண்டனை முடிந்தபின் வாசல் அடைக்கப்படவும் இல்லை. மது அருந்தித் தண்டிக்கப்பட்ட ஒருவரைச் சிலர் சபித்தபோதும், தம் சகோதரருக்கு எதிராக ஷைத்தானுக்கு உதவ வேண்டாம் என்றே நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள்.

ஹிஜ்ரி 187-இல் மறைந்த ஃபுளைல் இப்னு இயாள் (ரஹ்) அவர்களை அறியாத மதரஸா மாணவர் இல்லை. குராஸானில் அபீவர்துக்கும் ஸரக்ஸுக்கும் இடையே வழிப்பறி செய்தவர் அவர். பின்னாளில் மக்காவில் வாழ்ந்து, பெரும் இமாம்கள் மதித்த இறைநேசரானார். வழிப்பறிக்காரன் என்ற பெயரோடு அவரை ஒதுக்கியிருந்தால் சமுதாயம் எதை இழந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

நம் மண்ணின் பாடம்

அச்சுறுத்தலை மட்டும் நம்பியதன் விளைவை நம் மதுரைச் சீமை கண்டிருக்கிறது. 1871-இல் ஆங்கிலேயர் குற்றப்பரம்பரைச் சட்டத்தைக் கொண்டுவந்தனர். களவையும் கொள்ளையையும் ஒடுக்குவதாகச் சொல்லி, செய்த செயலைப் பாராமல் பிறப்பைப் பார்த்து முழுச் சமூகங்களையே அது குற்றவாளிகளாகப் பதிவு செய்தது. கைரேகை எடுத்தனர், ஆண்கள் இரவில் ஊரில் இருப்பதைக் காட்ட வேண்டும் என்று கட்டுப்படுத்தினர். உசிலம்பட்டிக்கு அருகிலுள்ள பெருங்காமநல்லூர் மக்கள் அதை எதிர்த்தபோது, 1920 ஏப்ரல் 3 அன்று நடந்த துப்பாக்கிச் சூட்டில் 16 பேர் மாண்டனர். சென்னை மாகாணத்தில் 1947-இலும், நாடு முழுவதும் 1952-இலும் அச்சட்டம் நீக்கப்பட்டது. இன்று அப்பகுதியில் அச்சட்டத்தின் பதிவேடுகள் இல்லை. கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் நிற்கின்றன; அவற்றில் படித்தோர் பல துறைகளில் பணியாற்றுகின்றனர்.

ஒருவன் செய்த குற்றத்துக்கு ஒரு சமுதாயமே பெயர் சுமப்பதன் வலியை இன்றைய முஸ்லிம்களாகிய நாமும் அறிவோம். அதை அறிந்த நாமே, நம் தெருப் பிள்ளை ஒருவனின் நெற்றியில் ஆயுள் முழுதும் 'திருடன்' என்று எழுதிவிடலாமா?

சட்டத்தில் உள்ள வாசல்கள்

நாம் விரும்பும் சமநிலைக்குப் புதிய சட்டம் தேவையில்லை. 1958-ஆம் ஆண்டின் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம், மரண தண்டனையோ ஆயுள் சிறையோ விதிக்கத்தகாத குற்றங்களில் நன்னடத்தைப் பிணையில் விடுவிக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. 21 வயதுக்குட்பட்டவரைச் சிறைக்கு அனுப்புமுன், நன்னடத்தை அலுவலரின் அறிக்கையைப் பெற்று, சிறை ஏன் அவசியம் என்று காரணத்தை எழுத வேண்டும். அவ்வாறு விடுவிக்கும்போதே, பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு தருமாறு ஆணையிடலாம். இப்படி விடுவிக்கப்பட்டவருக்குத் தண்டனை பெற்றதால் வரும் தகுதியிழப்பும் ஏற்படாது. காயமோ ஆயுதமோ இல்லாத முதல் வழிப்பறிக்கு இந்த வாசல் திறந்தே இருக்கிறது.

நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் அமர்ந்த உச்ச நீதிமன்ற அமர்வு 1977-இல் ஒரு மோசடி வழக்கில், குற்றவாளியை மனிதனாக மீட்பதும் தண்டனையின் வேலை என்று விளக்கி, ஓர் இளைஞரின் சிறைக்காலத்தைக் குறைத்தது. கைதிகளின் கூலி குறித்த 1998-ஆம் ஆண்டுத் தீர்ப்பில், அக்கூலியில் ஒரு பகுதியைப் பாதிக்கப்பட்டோருக்கு ஒதுக்கச் சட்டம் செய்யுமாறு உச்ச நீதிமன்றம் வலியுறுத்தியது. நம் மாநிலத்தில் புதுக்கோட்டையில் இளங்குற்றவாளிகளுக்கான பார்ஸ்டல் பள்ளி உள்ளது. புழல், வேலூர், கோவை, பாளையங்கோட்டை ஆகிய இடங்களில் சிறைத்துறையின் பெட்ரோல் நிலையங்களில் கைதிகள் பணியாற்றுகின்றனர். காசைக் கையில் வாங்கி எண்ணும் வேலையை அரசே ஒரு கைதியை நம்பி ஒப்படைக்கிறது. நம் கடைகளில் நாம் அந்த அளவுக்கு நம்புவோமா?

"இப்படி இரங்கினால் நாளை பத்துப் பேர் துணிவார்களே" என்று கேட்பது நியாயமே. ஆகவே எல்லோருக்கும் ஒரே இரக்கத்தை நாம் கேட்கவில்லை. கத்தியோடு வந்தவன், காயம் செய்தவன், கூட்டம் சேர்த்துத் தொழிலாகவே செய்பவன், ஒருமுறை வாய்ப்பளித்தும் மீண்டும் அதே பாதையில் நின்றவன் ஆகியோருக்கு நீண்ட சிறை வேண்டும். அது பாதையில் நடப்போரின் உரிமை. முதன்முறை தவறிய, ஆயுதமெடுக்காத இளைஞனுக்கோ, தப்பாத தண்டனையும், கட்டாய இழப்பீடும், கண்காணிப்பும், தொழிலும் சேர்ந்த தீர்ப்பு வேண்டும். இழப்பீட்டைச் சம்பாதித்துத் தருவதே அவனுக்குப் பெரிய பாடம். மாதந்தோறும் தன் கூலியில் ஒரு பங்கை அந்தப் பெண்ணின் பெயரில் கட்டும்போது, தான் பறித்தது யாருடைய வியர்வை என்பதை அவன் அறிவான்.

நம் பங்கு

சட்டம் செய்யாதது ஒன்று உண்டு. அது நம் கையில் இருக்கிறது. முதலாவதாக, பாதிக்கப்பட்டவரிடம் சென்று வழக்கைக் கைவிடச் சொல்லும் வேலையை ஜமாஅத்துகள் செய்யக் கூடாது. மக்ஸூம் குலத்தாரின் வேலை அது. பிற சமுதாயச் சகோதரியிடம் அவ்வாறு கேட்பது அவருக்கு மற்றோர் அச்சுறுத்தலாகவே தோன்றும். இரண்டாவதாக, வழக்கின் போக்குக்காகக் காத்திராமல், எந்த நிபந்தனையுமின்றி அவருடைய இழப்பை ஈடுசெய்ய முன்வரலாம். அதைப் பிறகு அந்த இளைஞன் பைத்துல்மாலுக்குக் கடனாகத் திருப்பிச் செலுத்தட்டும். மூன்றாவதாக, அவன் திரும்பி வரும்போது ஒரு தொழிலும், அவனைப் பற்றி நன்னடத்தை அலுவலரிடம் உண்மையைச் சொல்லும் ஒரு பெரியவரும், தொழுகை வரிசையில் ஓர் இடமும் இருக்க வேண்டும்.

இவற்றை நாம் ஜமாஅத் கூட்டத்தில் முன்வைத்தபோது எல்லோரும் ஏற்கவில்லை. "நம் பிள்ளைகள் ஓதும் இடத்துக்கு அவன் வரலாமா?" என்று ஒருவர் கேட்டார். உண்மையைச் சொன்னால், அந்தக் கேள்வி நம் உள்ளத்திலும் இருந்தது. நம்பிக்கை ஒரே நாளில் திரும்பாது, திரும்பவும் கூடாது. ஆனால் அதைச் சம்பாதிக்க ஒருவனுக்கு இடமே இல்லையென்றால், அவனைப் பழைய கூட்டாளிகளிடம் நாமே அனுப்பிவைத்தவர்களாவோம். கணக்கெழுதும் வேலை வேண்டாம், முதலில் பள்ளிவாசல் ஹவ்ழைச் சுத்தம் செய்யட்டும் என்று ஒருவர் சொன்னார். அது நல்ல தொடக்கமாக நமக்குப் பட்டது.

அந்தச் சகோதரியின் இழப்பில் ஒரு பகுதியை ஜமாஅத்தின் சார்பில் நேரில் சென்று ஒப்படைத்தோம். வழக்கைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை. அவர் வாங்கிக்கொண்டு, "சாட்சி சொல்ல நான் கோர்ட்டுக்குப் போவேன் ஐயா" என்றார். "அவசியம் போங்கள், உள்ளதைச் சொல்லுங்கள்" என்றோம். தீர்ப்பு இன்னும் வரவில்லை. அது எதுவாயினும் ஏற்க வேண்டும் என்று அந்தத் தாயாரிடமும் கூறியிருக்கிறோம்.

பாதைகளை அச்சமற்றவையாகவும், வழிதவறியோர் திரும்பிவரும் வாசல்களைத் திறந்தவையாகவும் ஆக்கும் சமுதாயமாக வல்ல ரஹ்மான் நம்மை ஆக்கியருள்வானாக! ஆமீன்.